புதுப்பிப்பு: பி.எஸ்.ஏ. உணரியில் ஒளிமின்னோட்டம் இறங்கிக்கொண்டே போன பிரச்சினை தீர்ந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்தில், புரொஸ்டேட் புற்றுநோய்க் குறியான பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை அளக்க, தைத்தானியம் டைஒட்சைட்டின் மேல் கட்மியம் சல்பைட்டு நனோதுணிக்கை பூசிய மின்வாய் செய்கிறோம். நீல ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சினால் ஒவ்வொரு தடவையும் மின்னோட்டம் முந்தியதைவிடக் குறைந்தது. மின்வாயிலுள்ள பிறபொருளெதிரி (பி.எஸ்.ஏ.யை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம்) பி.எஸ்.ஏ.யைப் பிடித்தாலும் மின்னோட்டம் குறையத்தான் செய்யும் என்பதால் எது எதுவென்று பிரிக்கவே முடியவில்லை.

விளக்கை மாற்றியதில் பலனில்லை. கைகொடுத்தது அஸ்கோர்பிக் அமிலம் (விற்றமின் சி) சேர்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். ஒளி பட்டதும் உண்டாகும் துளைகள் (இலத்திரன் விலகிய வெற்றிடங்கள்) கட்மியம் சல்பைட்டையே ஒட்சியேற்றி அரிக்கின்றன. இந்த அமிலம் இலத்திரனைக் கொடுத்து அவற்றை நிரப்பிவிடுகிறது. 0.1 மோலார் போட்டதும் மின்னோட்டமும் கூடியது, வரைபில் படிகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்!

எதிர்பாராத ஒன்று: அமிலத்தால் தாங்கற் கரைசலின் (பிஎச்சை நிலையாக வைக்கப் பயன்படுத்தும் கரைசல்) பிஎச் நன்றாக இறங்கிவிடுகிறது, பிறபொருளெதிரிக்கு அது ஆகாது. சோடியம் ஐதரொட்சைட்டால் திரும்ப 7.4க்குக் கொண்டுவந்த பிறகே அளவிடுங்கள். அப்புறம், கரைசலை அன்றன்றே கலக்குங்கள், காற்றுப்பட்டு வைத்தால் மஞ்சளாகிவிடும். குருதித் தெளியத்தில் இன்னும் சோதிக்கவில்லை, அதுதான் அடுத்த வேலை.