மேரியோவில் வாணவேடிக்கை சில நேரம் மட்டும் வருவது ஏன்? இதுபோல வேறு என்னென்ன இருக்கிறது?

கொடிக்கம்பம்:
1985-இல் வந்த முதல் சூப்பர் மேரியோ பிரதர்ஸைச் சொல்கிறேன். லெவல் முடிவில் கொடிக்கம்பத்தில் சறுக்கிக் கோட்டைக்குள் போனதும் சில நேரம் வாணவேடிக்கை வெடிக்கிறது, பல நேரம் ஒன்றுமே இல்லை. நன்றாக ஆடினால்தான் வரும் என்று பார்த்தால், தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தாலும் வருகிறது. கம்பத்தின் உச்சியைப் பிடித்தால் வரும் என்பதும் சரியாக இல்லை. எதை வைத்து முடிவாகிறது? அப்புறம், பழைய பிளாட்ஃபார்ம் கேம்களில் இந்த மாதிரி விசித்திரங்கள் வேறு தெரிந்தால் சொல்லுங்கள். 'இங்கே ஒரு ரகசியக் கதவு' வகை வேண்டாம், அது எல்லா வீடியோவிலும் கிடைக்கிறது. ஏன் அப்படி நடக்கிறது என்று காரணம் தெரிந்தவையாக இருந்தால் நல்லது.

பிக்சல்பித்தன்:
டைமரின் கடைசி இலக்கம், அவ்வளவுதான். கம்பத்தைத் தொடும்போது அது 1, 3, 6 என்று இருந்தால் அத்தனை வெடி வெடிக்கும், வேறு எந்த இலக்கமானாலும் ஒன்றும் வராது. ஒரு வெடிக்கு 500 புள்ளி. மிச்சமிருக்கும் நேரத்துக்கு ஓர் எண்ணுக்கு 50 புள்ளிதான் என்பதால், கம்பத்துக்கு முன்னால் படியில் நின்று 6 வரும்வரை காத்திருப்பது லாபம். இன்னொன்று, மேகத்தையும் புதரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே படம், நிறம் மட்டும் வேறு. மொத்த கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்றால் வேறென்ன செய்வார்கள்.

குழாய்க்குள்:
காரணம் தெரிந்தது வேண்டும் என்றால் 'மைனஸ் உலகம்'தான். 1-2 (முதல் உலகத்தின் இரண்டாவது லெவல்) முடிவில், வெளியேறும் குழாயின் மேல் நின்று, பின்பக்கமாகக் குனிந்து குதித்துச் சுவருக்குள் நுழைந்துவிடலாம். மறுபக்கம் வேறு உலகங்களுக்குத் தாவ வைக்கும் மூன்று 'வார்ப்' குழாய்கள். வழக்கமான பாதையில் போனால் திரை நகர நகர அந்தக் குழாய்களின் எண்கள் சரியாக ஏறிவிடும். சுவர் வழியாகப் போகும்போது அவை ஏறுவதற்கு முன்பே குழாயில் இறங்கிவிடுகிறோம். அந்த நேரத்தில் கேம் கையில் வைத்திருப்பது 4-2-இல் இருக்கும் ஒற்றைக் குழாய் அறையின் விவரம்: நடுவில் 5, இரண்டு பக்கமும் வெற்றிடம். வெற்றிடத்தைக் காட்டும் கட்டத்தின் எண் 36, அதையே உலக எண்ணாக எடுத்துக்கொள்கிறது. ஆக நாம் போவது 36-1. ஆனால் 36 என்பது திரையில் வெற்றிடம், அதனால் ' -1' என்று தெரிகிறது. உள்ளே இருப்பது 7-2-இன் நீருக்கடி லெவல், கடைசிக் குழாய் ஆரம்பத்துக்கே கொண்டுவந்து விடும், நேரமோ உயிரோ தீரும்வரை அதே சுற்றுதான். ஜப்பானின் டிஸ்க் பதிப்பில் மட்டும் மூன்று லெவலோடு முறையாக முடிகிறது.

பீப்பாய்:
மேரியோவோடு நின்றுவிட்டால் எப்படி. 1981 டாங்கி காங் 22-ஆவது லெவலில் ஆட முடியாமல் போகும். போனஸ் நேரத்தை லெவல் எண்ணைப் பத்தால் பெருக்கி, 40 கூட்டிக் கணக்கிடுகிறார்கள். 22-க்கு 260 வரும். ஒரு பைட்டில் 255 வரைதான் இடம், சுற்றிக்கொண்டு 4 ஆகிவிடும். உச்ச வரம்பான 8000-இல் தொடங்க வேண்டிய போனஸ், அந்த 4-ஐ நூறால் பெருக்கிய 400-இல் தொடங்கி, ஏணியில் பாதி ஏறுவதற்குள் மேரியோ செத்துவிடுவார். இதே சங்கதி சூப்பர் மேரியோவிலும் உண்டு. படிக்கட்டில் ஆமையை மிதித்துக்கொண்டே உயிர் சேர்ப்பவர்கள் பேராசைப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் எண் 127-ஐத் தாண்டினால் அதைக் கழித்தல் எண்ணாகப் படித்து, அடுத்த சாவிலேயே 'கேம் ஓவர்'.

நிழல்வீரன்:
எல்லாரும் பிழைகளையே சொல்கிறீர்கள். இடமில்லாததால் பிறந்த நல்ல விஷயமும் இருக்கிறது. 1989-இல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆப்பிள் II கணினிக்காக எழுதப்பட்டபோது இன்னொரு எதிரியின் படங்களுக்கு நினைவகத்தில் இடமில்லை. அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் இளவரசனின் படத்தையே கொஞ்சம் நகர்த்தி, அதன் மேலேயே கலந்து, மினுங்கும் நிழல் உருவமாக்கினார். அதுதான் கண்ணாடிக்குள்ளிருந்து குதித்து வரும் நிழல் மனிதன். அவனை வெட்டினால் நம் உயிரும் குறையும். கடைசியில் வாளை உறைக்குள் போட்டுவிட்டு நேராக அவனுக்குள் நடக்க வேண்டும். அதற்கப்புறம் வெறும் பள்ளத்தின் மேல் கால் வைத்தால் தரை தானாக முளைக்கும், இதை எந்தக் குறிப்பும் சொல்லித் தராது. எனக்கு மைனஸ் உலகத்தைவிட இதுதான் பெரிது. 1982 பிட்ஃபாலும் இதே ரகம்: 255 திரைகளையும் சேமிக்கவில்லை, ஒரு பைட்டை உருட்டி உருட்டி அடுத்த திரையை வரவழைக்கிறது, இடது பக்கம் ஓடினால் அதையே பின்னோக்கி உருட்டுகிறது. மொத்தம் 4 கிலோபைட்.

பிக்சல்பித்தன்:
பிழைக்கும் ரகசியத்துக்கும் நடுவில் ஒன்று சோனிக் 3டி. ஆடும்போது கார்ட்ரிட்ஜை (கருவியில் செருகும் கேம் பெட்டியை) தட்டினால் ரகசிய லெவல் தேர்வுப் பக்கம் திறக்கும். கேம் இடையில் முடங்கி விழுந்துவிட்டால் கருவியைத் தயாரித்த செகா நிறுவனம் அதைச் சோதனையில் நிராகரிக்கும் என்பதால், எந்தக் கோளாறு வந்தாலும் இந்தப் பக்கத்துக்குப் போகும்படி எழுதிவிட்டார்கள். அதை உருவாக்கிய ஜான் பர்ட்டனே பிறகு விளக்கியிருக்கிறார். சாமர்த்தியம்தான், ஆனால் நான் இதை ஏமாற்று வேலை என்றுதான் சொல்வேன்.

கொடிக்கம்பம்:
நன்றி. குழாய்க்குள், ஒரு சந்தேகம்: மைனஸ் உலகத்துக்கு மூன்றில் எந்தக் குழாய்?

குழாய்க்குள்:
ஓரத்தில் இருக்கும் இரண்டில் எதுவானாலும் சரி. நடுவில் இறங்கினால் 5-1. சுவரைத் தாண்டியதும் வலது பக்கம் ஓடிவிடாதீர்கள், திரை நகர்ந்தால் எண்கள் ஏறிவிடும், அப்புறம் அது சாதாரண வார்ப்தான்.