முதலில் பூத்த செடியிலா விதை எடுக்கச் சொல்கிறீர்கள்?

வைகைக்கரை:
பச்சைமாடி சார் நேற்று நம் மன்றத்தின் 'கோடைக் கீரை' திரியில் இரண்டு முத்துகளை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே ஆளாளுக்குக் கைதட்டிக்கொண்டிருப்பதால் இங்கே தனியாகக் கேட்கிறேன். முத்து ஒன்று: கீரை பூ விட்டால் விஷம் ஏறிவிடும், ஓர் இலைகூட வாயில் வைக்கக் கூடாது. முத்து இரண்டு: பாத்தியில் முதலில் பூக்கிற செடிதான் வீரியமான செடி, அதில் சிவப்பு நூல் கட்டி விதைக்கு விடுங்கள்.

விஷம் என்றால் மணத்தக்காளியை என்ன செய்வது? பூவும் காயும் பழமுமாக நிற்கிற செடியில்தான் எல்லாரும் கீரை பறிக்கிறோம். பொன்னாங்கண்ணி கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ வைத்திருக்கும். சிறுகீரை இலைக்கக்கத்திலேயே பூத்துவிடும். இதையெல்லாம் தின்றவர்கள் செத்தா போனார்கள்? சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன். முதலில் பூத்த செடியில் விதை எடு என்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பச்சைமாடி:
வணக்கம் மேடம். என் பேரைச் சொல்லித் தனித்திரி திறந்ததற்கு நன்றி, காசில்லாத விளம்பரம். 'விஷம்' என்று எழுதியது புதிதாக வருகிறவர்களுக்கு உறைக்க வேண்டும் என்பதற்காக. பூத்த தண்டுக்கீரையைச் சமைத்துப் பாருங்கள். தண்டு முழுக்க நார், இலை சொரசொரவென்று இருக்கும். குழந்தைக்கு ஊட்டுவீர்களா? பண்ணைக்கீரையைப் பூத்த பிறகு யாராவது பறிக்கிறார்களா?

விதை விஷயத்தில் நான் சொன்னது சரிதான். எது முதலில் பருவத்துக்கு வருகிறதோ அதுதான் பலமான செடி. என் மாடியில் எல்லாமே சொந்த விதை.

முறம்:
தம்பி, கீரையை எதற்கு வளர்க்கிறோம்? இலைக்கு. சீக்கிரம் பூத்த செடி என்றால் சீக்கிரம் இலை கொடுப்பதை நிறுத்திய செடி என்று அர்த்தம். அதைப் போய் வீரியம் என்கிறீர்கள். பந்தியில் பாதியில் எழுந்து போகிறவனைச் சாப்பாட்டு ராமன் என்பது போல இருக்கிறது.

நாங்கள் தேனிப் பக்கம் கீரைக்கட்டு விற்றுப் பிழைத்த குடும்பம். எங்கள் மாமியார் பாத்தியில் முதல் பூங்கதிர் தலைநீட்டியதும் அந்தச் செடியைப் பிடுங்கி அன்றைக்கே புளிக்குழம்பில் போட்டுவிடுவார். தண்டை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் இறங்கினால் சமையலுக்கு ஆகும். மேல்தோலை அடியிலிருந்து உரித்தால் நார் கோடு கோடாகக் கையோடு வரும், உள்ளே வெள்ளையாக இருப்பது குழம்பில் வெந்து வாயில் கரையும். இளங்கதிரின் நுனியைக் கிள்ளிப் பாசிப்பருப்போடு கடையலாம். நகம் இறங்காவிட்டால் மாட்டுக்கு. இதில் விஷம் எங்கே வந்தது?

விதைக்கு என்றால் பாத்தி நடுவில் அகல இலையோடு நிற்கிற, கடைசி வரை பூக்காமல் இழுத்தடிக்கிற செடிகளைப் பார்த்து விட வேண்டும். ஒன்றிரண்டு போதாது, ஒரு டஜனாவது வேண்டும். முழ இடைவெளி விட்டு மற்றதைக் களைந்துவிட்டு, அதில் கை வைக்கக் கூடாது. கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கறுப்பு மணி பளபளவென்று உதிரும், அதுதான் அறுக்கிற பக்குவம். விட்டால் தரையில் கொட்டிவிடும். முதலில் பூத்ததில் விதை எடுக்கவே கூடாது. எடுத்தால் அடுத்த பட்டத்தில் இன்னும் சீக்கிரம் பூக்கும், அதற்கடுத்த பட்டத்தில் அதைவிடச் சீக்கிரம். சாண் உயரத்தில் கதிர் வைத்துக்கொண்டு நிற்கும். அப்போது சிவப்பு நூலைச் சட்டியில் போட்டுக் கடைந்து சாப்பிடுங்கள்.

பச்சைமாடி:
அம்மா, மரியாதைக்காகச் சொல்கிறேன். பூக்க வைத்தது வெயில். செடியின் குணம் இல்லை. வெயிலுக்குப் பூத்த செடியின் பிள்ளையும் சீக்கிரம் பூக்கும் என்றால், வெயிலில் கறுத்தவனுக்குப் பிறக்கிற பிள்ளையும் கறுப்பாக இருக்க வேண்டுமே?

முறம்:
அந்த வெயில் பாத்தி முழுக்க அடித்ததா, ஒரு செடிக்கு மட்டும் குடை பிடிக்காமல் விட்டீர்களா? ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே நாள் விதைப்பு. பக்கத்துச் செடி பூக்கவில்லை, இது பூத்தது. ஏன்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

புதுத்தொட்டி:
நான் இங்கே புதுசு. எந்தக் கீரையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். என்னிடம் கொத்தமல்லி பூத்து நிற்கிறது. பூத்தது என்றால் மொட்டு வந்ததுமா, மலர்ந்த பிறகா?

வாத்தியார்:
அனைவருக்கும் வணக்கம். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருதரப்பும் உணர்ச்சிவசப்படுவதால் இரண்டு விளக்கங்கள்.

முதலாவது: 'விஷம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? தண்டுக்கீரை வகைகளிலும் பாலக்கிலும் இருப்பது ஆக்சலிக் அமிலமும் அதன் உப்புகளும். அவை பூப்பதற்கு முன்பும் இலையில் இருக்கின்றன, பூத்த அன்று குடிவரவில்லை. கீரையைக் கொதிக்க வைத்து நீரை வடித்தால் கரையும் பகுதி கணிசமாகக் குறையும். தயிர், பால் சேர்த்தால் அதிலுள்ள கால்சியம் பிடித்துக்கொள்ளும். சிறுநீரகக் கல் உள்ளவர் இளங்கீரையையே அளவோடுதான் உண்ண வேண்டும்.

இரண்டாவது: தண்டுக்கீரை இனங்களில் பல குறும்பகல் செடிகள். பகல் குறையும்போது பூக்கும். மதுரைப் பக்கம் மார்கழியில் பகல் சுமார் 11½ மணி நேரம், ஆனியில் 12¾ மணி நேரம். கார்த்திகையில் விதைத்தது இலை விடுவதற்குள் கதிர் தள்ளுவது இதனால்தான். கோடையில் பூத்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்: மண் காய்ந்தது, செடி வளர்க்கும் பை ஆழமில்லாதது, வேர் நெருக்கம். ஆகவே முதலில் பூத்த செடியைக் குறை சொல்லும் முன் அதன் வேரைப் பார்க்க வேண்டும்.

பச்சைமாடி:
வாத்தியார் சாருக்கு நன்றி. நான் சொன்னதை அறிவியலாகவே சொல்லிவிட்டார். பூத்தது சூழ்நிலையால். திரியை மூடிவிடலாம்.

முறம்:
எதை மூடுவது? சார் சொன்னதில் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். ஓரத்துச் செடிக்குத் தண்ணீர் எட்டாமல் பூத்தால் அது செடியின் குற்றமில்லை, சரி. அதற்காகத்தான் ஓரத்துச் செடியை விதைக்கே விடுவதில்லை, நடுவில் நிற்பதை விடுகிறோம். நடுவில் நல்ல மண்ணில் நின்றுகொண்டு முதலில் பூத்தால்? அது குணம். வாத்தியாரே, நீங்களும் சொல்லுங்கள். நல்ல மண்ணில் நின்று முதலில் பூத்த செடியில் விதை எடுப்பீர்களா, மாட்டீர்களா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தை போதும்.

பச்சைமாடி:
"செடியின் குற்றமில்லை, சரி" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வைகைக்கரை:
படம் எடுக்கிற வேகத்தில் முழு வரியையும் படித்திருக்கலாம்.

புதுத்தொட்டி தம்பி, விதைச் சண்டை தண்டுக்கீரையைப் பற்றித்தான். கொத்தமல்லி பூத்தால் இலை சன்னமாகிவிடும், மணமும் மாறும். தின்றால் ஒன்றும் ஆகாது. காய் பச்சையாக இருக்கும்போதே பறித்துத் துவையலில் சேர்த்துப் பார், தனியாவும் தழையும் கலந்த ஒரு வாசனை வரும். விதைக்கு என்றால் செடியிலேயே பழுப்பாகட்டும். விதைக்கும்போது லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடு.

கோத்தகிரிக் குளிர்:
நீங்கள் எல்லாரும் தண்டுக்கீரையைத் தவிர வேறு கீரையே பார்த்ததில்லையா? மேலே எங்களிடம் வந்து பாலக்கையும் லெட்டூஸையும் பாருங்கள். லெட்டூஸ் தண்டு நீட்டிவிட்டால் ஒடித்த இடத்தில் பால் வடியும், கசப்பு தலைக்கேறும். அதைப் போய் நகம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாலக்கில் வேறு கதை. பாலக்கும் பீட்ரூட்டும் ஒரே இனம், காற்றிலேயே மகரந்தம் போகும். இரண்டும் ஒன்றாகப் பூத்தால் விதை கலந்துவிடும், இலையும் உருப்படாது கிழங்கும் உருப்படாது. அந்த விதையும் ஒற்றை விதை இல்லை, உருண்டை. ஒன்று போட்டால் இரண்டு மூன்று முளை வரும். இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பச்சைமாடி:
கலப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. போன ஆடியில் முறம் அம்மா இந்த மன்றத்தில் 'எங்கள் வீட்டுச் சிவப்புத் தண்டுக்கீரை, மாமியார் காலத்து விதை' என்று பெருமையாகப் பகிர்ந்தார்களே, அதில் பாதிக்குப் பாதி பச்சையாக வந்தது. அப்போது பெரியவர் என்று பேசாமல் இருந்தேன். விதைத் தேர்வு பற்றி வகுப்பு எடுப்பவர்கள் முதலில் தங்கள் விதையைப் பார்க்கட்டும்.

முறம்:
ஓஹோ. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் இத்தனை பேச்சா?

அந்த விதை இந்த மன்றத்தில் பலருக்குப் போயிருக்கிறது. வைகைக்கரையிடம் கேளுங்கள், ரத்தச் சிவப்பாக வந்தது. உங்களுக்கு மட்டும் பச்சை வந்தால் உங்கள் பையைப் பாருங்கள். பழைய மண்ணையே கொட்டிக் கொட்டி நிரப்புகிறீர்கள், அதில் குப்பைக்கீரை விதை எத்தனை கிடக்கிறதோ. கீரை விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும், தண்ணீர் பட்டதும் எழுந்து வரும். முளைத்ததையெல்லாம் நான் அனுப்பியது என்று கணக்கெழுதினால் நான் என்ன செய்வது? விதைக்குக் காசு வாங்கவில்லை. கூரியர் செலவும் என்னுடையது. நான் என்ன கிள்ளுக்கீரையா, ஆளாளுக்குக் கிள்ள?

வைகைக்கரை:
எனக்குச் சிவப்பாகத்தான் வந்தது. ஓரிரண்டு பச்சை இருந்தது, அதைப் பிடுங்கிவிட்டேன்.

பச்சைமாடி:
"ஓரிரண்டு பச்சை இருந்தது." இதுவும் படம் எடுத்தாகிவிட்டது.

வாத்தியார்:
விதைச் சான்றளிப்பு விதிப்படி தண்டுக்கீரையில் ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் இடையே சான்று விதைக்கு (விவசாயிக்கு விற்பது) 200 மீட்டர், ஆதார விதைக்கு (சான்று விதையைப் பெருக்க வைப்பது) 400 மீட்டர் இடைவெளி வேண்டும். பெரும்பாலும் தன் மகரந்தமே சேர்ந்தாலும் காற்றுவழிக் கலப்பும் நடக்கும். எனவே மாடியில் தூய விதை என்று யார் சொன்னாலும், அது பச்சைமாடியாக இருந்தாலும் முறமாக இருந்தாலும், ஏற்பதற்கில்லை.

முறம்:
நான் எப்போது மாடி என்றேன்? எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது ஐயா. சுற்றிலும் தென்னை. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. எடுப்பீர்களா, மாட்டீர்களா?

வாத்தியார்:
ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல.

முறம்:
அப்படியென்றால் மாட்டீர்கள். அதைச் சொல்ல இத்தனை மீட்டர் நடக்க வேண்டியதில்லை.

புதுத்தொட்டி:
விதை எடுத்த பிறகு எப்படிச் சுத்தம் செய்வது? நான் ஊதினால் உமியோடு விதையும் பறக்கிறது. விதைத்ததை எறும்பு வேறு தூக்கிப் போகிறது.

வைகைக்கரை:
கதிரை வேட்டித்துணியில் நிழலில் காய வைத்துக் கசக்கு. முதலில் டீ வடிகட்டியில் சலித்துவிட்டால் பெரிய சருகு நின்றுவிடும், அப்புறம் அகலத் தட்டில் போட்டு ஓரமாக மெல்ல ஊது. எறும்புக்குத் தொட்டி ஓரத்தில் கொஞ்சம் ரவை தூவு, அதைத் தூக்கிக்கொண்டு விதையை விட்டுவிடும்.

முறம்:
வடிகட்டி எதற்கு? முறம் எதற்கு இருக்கிறது? புடைக்கத் தெரியாதவர்கள் ஊதட்டும். காய்ந்த விதையைச் சாம்பலில் புரட்டி, காய்ந்த வேப்பிலையோடு மண்கலயத்தில் வாய்கட்டி வைக்க வேண்டும்.

பச்சைமாடி:
சாம்பல், கலயம்! காற்றுப் புகாத பாட்டிலில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் முடிந்தது. விதையில் ஈரம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் விதை கலந்ததற்குக் கலயம்கூடக் காரணமாக இருக்கலாம், எதெதையோ ஒரே கலயத்தில் கொட்டியிருப்பீர்கள்.

முறம்:
கலயத்தில் தொடாதீர்கள். பேச்சை எங்கே திருப்பினாலும் நான் அதே இடத்துக்குத்தான் வருவேன். ஒரே பாத்தி, ஒரே வெயில், ஒரு செடி மட்டும் முதலில் பூத்தது. ஏன்? நேற்றிலிருந்து கேட்கிறேன். பண்ணைக்கீரை வந்தது, ஆக்சலிக் வந்தது, பீட்ரூட் வந்தது, என் மாமியார் விதை வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

பச்சைமாடி:
பதில் சொல்லிவிட்டேன். வெயில்.

முறம்:
எந்த வெயில்? பக்கத்துச் செடிக்கு அடிக்காத வெயிலா?

மட்டுறுத்துநர்:
நண்பர்களே, கொஞ்சம் நிதானம். விதைப் பகிர்வு பற்றிய புகாரை அதற்கான திரியில் எழுதுங்கள். மாமியாரை இழுக்க வேண்டாம்.

முறம்:
என் மாமியாரை நான்தான் இழுத்தேன். எனக்கு உரிமை இருக்கிறது.

பச்சைமாடி:
நான் சிவப்பு நூல் கட்டியாகிவிட்டது. முதலில் பூத்த செடிதான். வருகிற ஆடிப்பட்டத்தில் விதைத்துப் படம் போடுகிறேன், அப்போது பேசுவோம்.

முறம்:
ஆடியில் விதைத்தால் ஆவணி, புரட்டாசியில் பகல் குறைந்துகொண்டே போகும், அப்போது பூத்தால் பகல் மேல் பழி போடுவீர்கள். தையில் விதைத்துக் காட்டுங்கள். பக்கத்துப் பாத்தியில் கடைசியாகப் பூத்த செடியின் விதையையும் போட்டுக் காட்டுங்கள். ஒற்றைப் பாத்தியைப் படம் எடுத்துப் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதுவரை அந்த விதையைப் பகிர்வுத் திரியில் யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். தள்ளினால் அங்கேயும் வந்து கேட்பேன்.

பச்சைமாடி:
தையில் விதைத்தால் அப்புறம் வெயில் என்பீர்கள். நான் ஆடியில்தான் விதைப்பேன்.

முறம்:
வெயில் என்று சொன்னது நீங்கள் தம்பி. நானா?

கோத்தகிரிக் குளிர்:
பீட்ரூட் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.