ஒன்பது வருடக் கடன், ஒன்பது வாக்குத்தத்த அட்டைகள்: நீங்கள் ஜெபத்தை எப்படி விடாமல் இருந்தீர்கள்?

பேட்லாக் டெய்லர், திருப்பூர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். 1998-ல் திருப்பூர் வந்தேன். 2012-ல் வாடகை ஷெட்டில் பத்து தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஆரம்பித்தேன். நாலு வருடம் நன்றாகவே போனது.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். எங்கள் ஷெட்டில் சம்பளம் சனிக்கிழமை, ரொக்கமாக. அந்தச் சனிக்கிழமை 14 பேருக்குக் கொடுப்பதற்காக அஞ்சு வட்டிக்கு வாங்கினேன், எல்லாம் நூறு ரூபாய்த் தாள்களாக. அங்கே ஆரம்பித்தது. 2018-ல் எங்களுக்கு வேலை கொடுத்துவந்த கம்பெனி மூடியதில் 6,80,000 ரூபாய் நின்றுபோனது. மனைவியின் 22 பவுனில் 14 ஏலத்தில் போய்விட்டது. 2020 லாக்டவுனில் மெஷின்களையும் விற்றேன். மெஷின் நின்ற இடமெல்லாம் எண்ணெய்க் கறை. அதைத் துடைத்துத் தந்தால்தான் அட்வான்ஸ் என்றார் ஷெட் ஓனர். மண்ணெண்ணெய் ஊற்றி, பனியன் வேஸ்ட்டை வைத்து நானும் மனைவியும் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தோம்.

இப்போது இன்னொருவர் கம்பெனியில் பேட்லாக் (பனியன் துணி தைக்கிற மெஷின்) ஓட்டுகிறேன், தினமும் ஒன்றரை ஷிப்ட். மனைவி செக்கிங் போகிறாள். இன்னும் 4,20,000 பாக்கி. அதில் 1,50,000 அந்த அஞ்சு வட்டிக்காரரிடம்.

வருடா வருடம் புது வருட ஆராதனையில் எடுத்த, அந்த வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் ஒன்பதும் பைபிளுக்குள் இருக்கின்றன. 2019-ல் வந்தது உபாகமம் 28:12, அநேகருக்குக் கடன் கொடுப்பாய், நீ கடன் வாங்கமாட்டாய் என்ற வசனம். அதைப் பீரோ கதவில் ஒட்டியிருந்தேன். வட்டிக்காரர் வீட்டுக்கு வந்த அன்று கிழித்துவிட்டேன். அப்புறம் டேப் போட்டு உள்ளே வைத்தேன்.

போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தில், "உங்கள் வீட்டில் ஆகானைப் போல யாரோ பாவத்தை ஒளித்து வைத்திருக்கிறீர்கள்" என்றார்கள். யோசுவா 7-ல் கொள்ளைப்பொருளைக் கூடாரத்தில் ஒளித்து வைத்தவன்தான் ஆகான். பத்தாயிரம் விதைப்புக் காணிக்கை கொடுத்தால் கட்டு உடையுமாம். பிளஸ் டூ படிக்கிற மகள் பக்கத்தில் இருந்தாள். வரும் வழியில், "அது நானாப்பா?" என்று கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடன் இருக்கும்போது தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, ஆலயத்துக்குக் கொடுக்க வேண்டுமா? இவ்வளவு வருடம் பதில் வராமலும் ஜெபித்தவர்கள் எப்படி ஜெபித்தீர்கள்? எனக்கு ஆலயத்தில் பாட்டு வருவதில்லை.

பிடியரிசி

தம்பி, எனக்கு 71 வயது, ரிட்டயர்ட் டீச்சர். முதலில் உங்கள் மகளிடம் யோவான் 9-ஐ வாசித்துக் காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று கேட்டவர்கள் சீஷர்கள்தான். இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் நேராகவே சொன்னார். யோபுவின் சிநேகிதர்களும் உங்கள் ஜெபக்கூட்டத்தார் மாதிரித்தான் பேசினார்கள். கடைசி அதிகாரத்தில் தேவன் கோபப்பட்டது யோபுவிடம் இல்லை, அவர்களிடம். பிள்ளை மனதில் அந்த வார்த்தை தங்கக் கூடாது. இன்றைக்கே பேசுங்கள்.

என் அப்பா பனையேறி. பதநீர் சீசன் ஐந்தாறு மாதம். மீதி நாளெல்லாம் கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம், அடுத்த சீசன் கருப்பட்டி முழுவதும் அவருக்கு, அவர் சொல்லும் விலைக்கு. வருடக்கணக்கில் அப்படித்தான். எங்கள் பக்கம் சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் போடுவார்கள், தெரியுமல்லவா? ஐப்பசி மழையில் ஒரு வாரம் அம்மா பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கினாள். அதிலிருந்தும் ஒரு பிடி எடுக்கப் போனவளை அப்பா தடுத்தார்: "அது அவங்க அரிசி. அவங்க அரிசியில நாம காணிக்கை போடக் கூடாது."

சனிக்கிழமை, எங்கள் ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் கலயத்தை வாங்க வந்தார். அடியில் ஒன்றும் இல்லை. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த பையை இறக்கி, மற்ற வீடுகளில் வாங்கிய அரிசியை எங்கள் கலயம் நிறையக் கொட்டினார். "இது இந்த வீட்டுக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த அரிசி கலயத்தில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

தசமபாகம் பற்றிக் கேட்டதற்கு என் பதில் இதுதான். கையில் உங்களுடையது எவ்வளவோ அதிலிருந்து கொடுங்கள், பத்து ரூபாயானாலும் சரி. வட்டிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) நிலைமையைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13-ஐச் சுவரில் மாட்டுகிறோம், அடுத்த வசனத்தை யாரும் மாட்டுவதில்லை. என் உபத்திரவத்தில் நீங்கள் பங்குகொண்டது நல்லது என்று பவுல் அங்கே எழுதுகிறார். அவருக்கே அடுத்தவர் உதவி வேண்டியிருந்தது.

கணக்குப்பிள்ளை, கோவை

அண்ணா, நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். 2 இராஜாக்கள் 4-ல் கடன் கொடுத்தவன் பிள்ளைகளைப் பிடிக்க வருகிறான், விதவை எலிசாவிடம் போய்ச் சத்தமாகவே சொல்லுகிறாள். எண்ணெய் பெருகினதும் எலிசா முதலில் சொல்வது, அதை விற்றுக் கடனைத் தீர்த்துவிடு என்றுதான். மீதியில் பிழைக்கச் சொல்கிறார். கணக்கும் அந்த அற்புதத்துக்குள்ளேயே இருக்கிறது.

அஞ்சு வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு 5, வருடத்துக்கு நூற்றுக்கு 60. 1,50,000-க்கு மாதம் 7,500 வட்டியே போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. மீதமுள்ள 8 பவுன் உங்கள் கையில் இருந்தால், அதை வங்கியில் வைத்து இந்த ஒரு கடனை முதலில் அடையுங்கள். வங்கி நகைக்கடன் வட்டி இதில் கால்வாசிகூட இருக்காது. ஏற்கெனவே கட்டிய வட்டியை எல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து மிரட்டினால், 2003-லேயே தமிழ்நாட்டில் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்திருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவும் கொடுக்கலாம். இது விசுவாசக் குறைவு ஆகாது அண்ணா.

பின் பெஞ்சு

எனக்கும் மூன்று வருடம் பாட்டு வரவில்லை. என் கணவர் கடையை மூடியபோது. சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது, அதில் ஆறுதல் வசனம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதைப் பாடியவன் கர்த்தரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறான். நான் அதை மட்டும் வாசித்துவிட்டுப் படுப்பேன். ஞாயிற்றுக்கிழமை போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன், மற்றவர்கள் பாடுவார்கள். அண்ணா, போய் உட்காருங்கள், போதும்.

பேட்லாக் டெய்லர், திருப்பூர்

பிடியரிசி அம்மா, நேற்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் யோவான் 9-ஐ மகளையே வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் வசனத்தில் நின்று, இன்னொரு தடவை வாசித்தாள். அவள் அம்மா அழுதுவிட்டாள்.

தம்பி, 8 பவுனும் வீட்டில்தான் இருக்கிறது, மகளுக்கென்று தொடாமல் வைத்திருந்தோம். மனைவியே எடுத்துக் கொடுத்தாள். நாளை ஒரு ஷிப்டோடு வங்கிக்குப் போகிறேன். நோட்டும் போட்டுவிட்டேன், 2016 நவம்பரிலிருந்து. ஐயரிடம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேசுகிறேன். அதுவரைக்கும் கடைசி பெஞ்சு.