புதுப்பிப்பு: திருமணமான மகளுக்கு என் அலுவலகக் காப்பீடு தொடர்கிறது

அமெரிக்காவில் என் நிறுவன மருத்துவக் காப்பீட்டில் இருந்த 24 வயது மகளை, அவளுக்குத் திருமணம் ஆகிவிட்டது என்ற காரணத்தைக் காட்டி நீக்கியது சரியா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை (Affordable Care Act) மேற்கோள் காட்டி எழுத்து மூலம் முறையிடுங்கள் என்ற யோசனைதான். பிள்ளைகளைச் சேர்க்கும் திட்டம் எதுவாயினும், திருமணம், படிப்பு, வேலை, தனிவீடு ஆகிய எதையும் பொருட்படுத்தாமல் 26 வயது வரை அவர்களை வைத்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுவதை எடுத்துக்காட்டி மனிதவளத் துறைக்கு எழுதினேன். நீக்கிய நாளிலிருந்தே அவளை மீண்டும் சேர்த்துவிட்டார்கள். தொலைபேசியில் வாதாடிய நேரமெல்லாம் வீண்.

எதிர்பாராதவை இரண்டு. மருமகனையோ, பிறக்கப்போகும் பேரக்குழந்தையையோ சேர்க்கும் கடமை திட்டத்துக்கு இல்லை. மேலும், 26 நிறைந்ததும் காப்பீடு பிறந்தநாளன்றே முடியலாம், அல்லது அந்த மாத இறுதிவரை நீளலாம். இது திட்டத்துக்குத் திட்டம் மாறுவதால் ஆவணத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். அதன்பின், நிறுவனக் காப்பீட்டை இழந்தவர்கள் அதையே தொடர வழிசெய்யும் கோப்ரா (COBRA) சட்டப்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் 36 மாதங்கள் வரை சொந்தச் செலவில் தொடரலாம். ஆனால் வயது வரம்பைக் கடந்ததை 60 நாட்களுக்குள் நாம்தான் தெரிவிக்க வேண்டும், நிறுவனம் தானாக நினைவூட்டும் என்று நானும் தவறாக நம்பியிருந்தேன்.