புதுப்பிப்பு: இரண்டு குளியலறைக்குக் காம்பி பாய்லர் போதுமா?

முன்பு கேட்டது இதுதான்: லண்டனில் பின்பக்கம் நீட்டிக் கட்டிய வீடு, இப்போது குளியலறை இரண்டு, 30 கிலோவாட் காம்பி பாய்லர் (வெந்நீரைச் சேமிக்காமல், குழாயைத் திறந்ததும் அப்போதைக்கப்போது சூடாக்கித் தருவது) தாங்குமா? தாங்காது. குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் நீரை 40க்கு ஏற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர்தான் கிடைக்கும். இரண்டு ஷவரையும் சேர்த்துத் திறந்தால் இரண்டுமே இளைத்துவிடும்.

அதனால் சிஸ்டம் பாய்லர் (தனித் தொட்டியில் உள்ள நீரைச் சூடாக்குவது), கூடவே மெயின்ஸ் அழுத்தத்தில், அதாவது தெருக்குழாய் நீரின் அழுத்தத்திலேயே ஓடும் 210 லிட்டர் சிலிண்டர் (வெந்நீரைச் சேமிக்கும் தொட்டி) என்று முடிவு. சிலிண்டர் வாங்குமுன் ஒரு சோதனை, தயவுசெய்து தவறவிடாதீர்கள்: நீர் நுழையும் இடத்துக்கு அருகிலுள்ள குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளியை வையுங்கள். 30 நொடியில் நிரம்பாவிட்டால், பெரும்பாலும் தெருவிலிருந்து வரும் பழைய குழாய்தான் ஒடுக்கம். அதை மாற்றாமல் எவ்வளவு பெரிய சிலிண்டர் வைத்தும் பயனில்லை. சிலிண்டர் வெப்பம் 60 டிகிரி. மிகவும் குறைத்தால், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம்.