அகம் குழுவை நேரில் கேட்டவர்கள் வாருங்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெங்களூர்வாசி:
அகம் பற்றித் தமிழில் எங்கே பார்த்தாலும் ‘செம’, ‘புல்லரிச்சிடுச்சு’ என்று ஒற்றை வரிதான் கிடைக்கிறது. நேரில் கேட்டவர்கள், அவர்கள் பாட்டை வாசித்துப் பார்த்தவர்கள், அதற்காக வீட்டில் வாக்குவாதம் செய்தவர்கள் எல்லோரும் இங்கே எழுதுங்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதலாம்.

நானே தொடங்குகிறேன். தெரியாதவர்களுக்காக: 2003-இல் பெங்களூரில் உருவான குழு. கர்நாடக சங்கீதமும் புரோகிரசிவ் ராக்கும் (சிக்கலான தாளங்களோடு போகும் ராக் வகை) சேர்ந்தது அவர்கள் இசை. நிறுவன வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் ஒத்திகை பார்த்து வளர்ந்தவர்கள். முதல் ஆல்பம் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ 2012-இலும், ‘எ டிரீம் டு ரிமெம்பர்’ 2017-இலும் வந்தன.

நான் கேட்டது ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது, யாரும் நகரவில்லை. எனக்கு முன்னால் மெட்டல் குழுவின் பெயர் போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டில் நான்கு பையன்கள், பக்கத்தில் நெற்றியில் திருநீறோடு ஒரு பெரியவர். பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் ‘மனவ்யாலகிஞ்சரா’ பல்லவியை எடுத்துவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூடத் தியாகராஜரைத் தொண்டை கிழியப் பாடினார்கள். அப்புறம் டிரம்ஸும் கிதாரும் சேர்ந்து ஒரு கணக்கை, அதாவது சிக்கலான தாள அடுக்கை, எடுத்தன. தலையாட்டிக்கொண்டிருந்த பையன்களின் தலை நின்றுவிட்டது, எங்கே ஆட்டுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஆனால் பல்லவி திரும்ப வந்த இடத்தில் மொத்தக் கூட்டமும் ஒரே எழுத்தில் போய் விழுந்தது. எண்ணத் தெரிந்தவர் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மெட்டு நெஞ்சில் ஏறியிருந்ததால் எல்லோரும் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தக் குழு எனக்கு இவ்வளவு பிடிப்பதற்குக் காரணமே இதுதான்.

தனியாவர்த்தனம்:
மிருதங்கம் கற்றுக்கொள்கிறவள் என்ற முறையில் அண்ணா சொன்னதைக் கொஞ்சம் திறந்து காட்டலாம் என்று நினைக்கிறேன். முதல் ஆல்பத்தில் ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’ என்ற பெயரில் வருவது தியாகராஜரின் ‘பண்டுரீதி கோலு’தான், ஹம்ஸநாத ராகம். பாட்டு தேசாதியில் அமைந்தது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையே இதற்கும், ஆனால் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், தட்டு விழுந்து ஒன்றரை எண்ணிக்கை கடந்த பிறகுதான் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம். சபாவில் இது புதிராகத் தெரியாது, ஏனென்றால் நம் கை தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. தாளம் போட்டுப் பழகாதவர்களுக்கோ, பாடகர் எங்கே வாயைத் திறக்கிறாரோ அதுதான் ‘ஒன்று’. இரண்டும் வேறு வேறு இடம்.

நான் போனது சென்னையில் ஒரு கல்லூரி விழாவுக்கு. நின்றபடியே இடுப்புக்குப் பக்கத்தில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டு விழுகிற இடத்தில் டிரம்ஸின் கனம் இறங்குகிறது, ஒரு சின்ன வெற்றிடம், அதற்குப் பிறகு குரல். அந்த வெற்றிடத்தில்தான் கூட்டமே மூச்சு இழுக்கிறது! என்னோடு வந்த தோழிக்குச் சங்கீதம் அறவே தெரியாது. அவளும் அதே இடத்தில் குதித்தாள். இத்தனை வருடமாக வகுப்பில் ‘எடுப்பை விடாதே’ என்று கேட்டு வந்திருக்கிறேன். ஒரு எடுப்பு இத்தனை பேருடைய உடம்பில் நடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

இன்னொன்று. கோர்வை என்ற தாள முத்தாய்ப்பு மூன்று முறை வந்து சமத்தில் முடியும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். அங்கே இரண்டாவது முறையிலேயே கூட்டம் அதைப் புரிந்துகொண்டு மூன்றாவதற்குக் கை தூக்கி நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சன்டிவிகாலம்:
2007-இல் சன் டிவியில் ‘ஊ லலலா’ என்ற இசைக்குழுப் போட்டி ஓடியபோது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம், ஏ.ஆர். ரஹ்மானுக்காக. அங்கேதான் அகம் எனக்கு அறிமுகம். அப்போது நான் பள்ளி மாணவன். ‘இந்தப் பையன்கள் பாட்டு க்ளாஸ் போனவங்க போல இருக்கே’ என்று அம்மா சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

டபுள்பெடல்:
நான் டிரம்மர், கோவை. நாங்கள் கல்லூரிக் குழுவில் ‘தனஸ்ரீ தில்லானா’வை எடுத்துப் பழகினோம். ஸ்வாதித் திருநாளின் தில்லானா (தாளச் சொற்கள் நிறைந்த பாட்டு வகை), அகம் வடிவத்தில். மெட்டு ஒரு மாலையில் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. கிதார்காரன் ஹாஸ்டலில் பல் துலக்கும்போதுகூட அதையே முணுமுணுப்பான். டிரம்ஸ் மட்டும் வாரக்கணக்கில் உட்காரவில்லை.

மேற்கத்திய முறையில் எழுதிவைத்து எண்ணிப் பார்த்தேன், விரல் விட்டும் எண்ணினேன். கடைசியில் உதவியது சொற்கட்டுதான், தாளத்தை வாயால் சொல்லும் சொற்கள். மிருதங்கம் வாசிக்கும் நண்பன் ஒருவன், ‘குச்சியைக் கீழே வை, முதல்ல வாயால சொல்லு’ என்றான். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, சேர்த்தால் ஏழு. இதைச் சொல்லிக்கொண்டே காலில் எட்டு எட்டாகத் தட்டச் சொன்னான். இரண்டும் விலகி விலகிப் போய், ஐம்பத்தாறாவது எண்ணிக்கை முடிந்ததும் மறுபடி ஒன்றாகச் சேரும். முதல் முறை அப்படிச் சேர்ந்தபோது இரண்டு பேரும் கத்திவிட்டோம். அதன் பிறகு எந்தப் புரோகிரசிவ் பாட்டைக் கேட்டாலும் நான் எண்ணுவதில்லை, சொல்கிறேன். டூல், கார்னிவூல் போன்ற குழுக்களின் பாட்டுகூட இப்போது எனக்குச் சொற்கட்டாகத்தான் கேட்கிறது.

ராக் டிரம்ஸ் பழகும் தம்பிகளுக்கு: பெடலின் வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வாய் வேகம் வரட்டும்.

நளினகாந்தி:
எல்லோரும் புகழ்கிறீர்கள், சரி. எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் அத்தை பாட்டு டீச்சர். வயது எழுபதுக்கு மேல். காரில் போகும்போது ‘மிஸ்ட் ஆஃப் காப்ரிகார்ன்’ போட்டேன், அதுதான் மேலே அண்ணா சொன்ன ‘மனவ்யாலகிஞ்சரா’. அத்தை பாதியில் நிறுத்தச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். கடைசி வரை கேட்டார். பிறகு, ‘சாகித்யத்தைக் கடிச்சுத் துப்பல, நல்ல உச்சரிப்பு. ஆனா அந்த இரைச்சலுக்குள்ள ராகத்தோட பிடி தெரியலையே, குரல் அசையறது காதுக்கு வரதுக்குள்ள கிதார் மூடிடறது’ என்றார்.

பாதி நியாயம் இருக்கிறது. கிதாரில் ஃபிரெட் (கம்பிக்குக் கீழே இருக்கும் உலோகத் தடுப்பு) உண்டு, ஸ்வரத்தை அசைக்க வேண்டுமென்றால் கம்பியை இழுத்துத்தான் ஆக வேண்டும், வீணை அளவுக்கு அது இடம் தராது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கனமான இடங்களில் ராக் கிதார்காரர்கள் பவர் கார்ட் பிடிப்பார்கள். அதில் ஆதார ஸ்வரமும் அதன் பஞ்சமமும் மட்டும் இருக்கும், நடுவில் காந்தாரம் கிடையாது. அதனால் பாடகரின் காந்தாரத்தோடு அது மோதாது, ராகத்துக்குக் கீழே தம்பூரா மாதிரி கிடக்கும். அத்தையிடம் இதைச் சொன்னேன். ‘அப்படியா, திரும்பப் போடு’ என்றார். இரண்டாவது முறை கேட்டுவிட்டு அவர் மனம் மாறிவிடவில்லை. ‘குரலும் வயலினும் மட்டும் வெச்சு ஒண்ணு பாடச் சொல்லு, வந்து கேட்கிறேன்’ என்றார்.

பெங்களூர்வாசி:
அத்தைக்கு என் வணக்கம். அவர் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். கிருதியைத் தொடுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் என் எண்ணம் இது: பாட்டில் கணக்கு எவ்வளவு சிக்கலாகப் போனாலும் சாகித்யத்தைத் துண்டு துண்டாக வெட்டி அதற்குள் திணிக்கவில்லை. கணக்கு பாட்டைச் சுற்றி நடக்கிறது. வெறும் வித்தை காட்டும் ராக் குழுக்கள் நிறையவே உண்டு, கேட்டு முடித்தபின் முணுமுணுக்க ஒரு வரி மிஞ்சாது. இவர்களிடம் எப்போதும் மிஞ்சுகிறது.

பாலக்காட்டான்:
எங்கள் பக்கத்தில் ‘போட் சாங்’ தான் பிரபலம். கேரளப் படகுப் பாட்டான வஞ்சிப்பாட்டின் துடுப்பு வேகத்தை அப்படியே எடுத்திருக்கிறார்கள். மேடையில் அது தொடங்கியதும் மலையாளிகள், தமிழர்கள் எல்லாம் கலந்து வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போட ஆரம்பித்துவிட்டார்கள், தரையெல்லாம் சேறு. பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் போட்டேன். கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

தனியாவர்த்தனம்:
நளினகாந்தி, அத்தை சொன்ன இரைச்சல் பிரச்சினை நேரில் இன்னும் அதிகம். நான் போன இடத்தில் மேடைக்கு அருகே மிருதங்கமும் கஞ்சிராவும் காதிலேயே விழவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் மிக்ஸர் மேசை இருக்கும் இடத்துக்குப் போனேன். ஒலியைச் சரிபார்க்கிறவர் உட்கார்ந்து கேட்கும் இடம் அதுதானே, சொற்கட்டு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அடுத்த முறை அத்தையைக் கூட்டிப் போனால் ஒரு நாற்காலி வாங்கி அங்கே போட்டுவிடுங்கள், பெரிய ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம்.