அட்டையா, சிலேட்டா? கை தூக்காத பிள்ளையிடம் பதில் வாங்குவது எப்படி

ஏற்காடு_டீச்சர் (சனி, இரவு 8.40)

வணக்கம். ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே போகும் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 26 பிள்ளைகள். கேள்வி கேட்டால் எப்போதும் அதே நான்கு பேர்தான் கை தூக்குவார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பி நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

இந்த வருஷம் பிளிக்கர்ஸ் என்ற செயலியை வைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகளிடம் போனும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை. அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஒரு உருவம் அச்சாகியிருக்கும், ஒவ்வொரு அட்டைக்கும் வேறு உருவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். தான் நினைக்கிற விடை மேல்பக்கம் வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். என் போன் கேமராவை வகுப்பைச் சுற்றிக் காட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும்.

போன வாரம் கேட்ட கேள்வி: 1/3 பெரிதா, 1/4 பெரிதா? 15 பேர் 1/4 என்று காட்டினார்கள். அந்தப் பாடத்தை நான் முடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது!

அப்புறம் ஒரு கமலா ஆரஞ்சை உரித்து, 12 சுளையை எண்ணி வைத்து, மூன்று பேருக்குப் பங்கு போட்டால் எத்தனை, நான்கு பேருக்குப் போட்டால் எத்தனை என்று மறுபடி ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் இப்படி எத்தனை பிள்ளைகளை நடுவழியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் தொழில்நுட்பம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

குகை_கணக்கு (சனி, இரவு 9.25)

டீச்சரம்மா, உங்கள் மனசு புரிகிறது. தூக்கம் வராத வாத்தியார்தான் நல்ல வாத்தியார். ஆனால் நீங்கள் சொன்ன வேலையைச் சிலேட்டு செய்யும். 34 வருஷம் நான் செய்தது அதைத்தான். கேள்வியைச் சொல்வேன், எல்லாரும் எழுதித் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அரை நிமிஷத்தில் மொத்த வகுப்பும் என் கண்ணுக்குள் வந்துவிடும்.

அதிலும் சிலேட்டு ஒரு படி மேல். நான்கு விடை கொடுத்து ஒன்றைக் காட்டு என்றால், ஒன்றும் தெரியாத பிள்ளைகூடக் குருட்டாம்போக்கில் நான்கு தடவைக்கு ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடும். 1/2 + 1/3 போடு என்று சிலேட்டைக் கொடுத்தால் 2/5 என்று எழுதிக் காட்டுவான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான் என்று பார்த்த உடனே தெரிகிறது. எங்கே சறுக்கினான் என்பதை அட்டை சொல்லுமா?

கருவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நாடுகளே ஏமாந்திருக்கின்றன. பெரு நாட்டில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். 2012-இல் ஆய்வு செய்து பார்த்தால் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. 2015-இல் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கையும், பள்ளிக் கணினிகளுக்குப் பெரும்பணம் போட்ட நாடுகளில் மாணவர்களின் மதிப்பெண்ணில் சொல்லும்படி உயர்வு இல்லை என்றுதான் சொன்னது.

ஜங்ஷன்_பையன் (சனி, இரவு 10.05)

சார், பெருவில் நடந்தது உண்மைதான். ஆனால் அங்கே பெட்டியைக் கையில் கொடுத்தார்கள், அதை வைத்து என்ன கற்பிப்பது என்பதை யோசிக்கவில்லை. அதே தராசில் டெல்லியையும் வைத்துப் பாருங்கள். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் மற்ற இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அது. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பாடத்தை அவர்கள் தலையில் திணிக்காமல், எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து கேள்வி கேட்டது மென்பொருள். நாலரை மாதத்தில் கணக்கில் தெளிவான முன்னேற்றம். நாற்பது பேருக்கு நாற்பது படியில் ஒரே நேரத்தில் எந்த ஆசிரியரால் கேள்வி கேட்க முடியும்?

நான் பி.எட். படிக்கிறேன். பயிற்சிக்குப் போன பள்ளியில் முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பதை ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் காட்டினேன். முனையைப் பிடித்து இழுக்க இழுக்க மூன்று கோணமும் மாறுகிறது, கூட்டுத்தொகை மட்டும் அசையவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஓடிவந்து "நான் இழுத்துப் பார்க்கிறேன் சார்" என்றான். அந்த ஓட்டத்தை நான் கரும்பலகையில் பார்த்ததில்லை.

குகை_கணக்கு (சனி, இரவு 10.30)

தம்பி, அந்த டெல்லி ஆய்வை முழுசாகச் சொல்லுங்கள். தினமும் 90 நிமிஷத்தில் 45 நிமிஷம்தான் மென்பொருள். மீதி 45 நிமிஷம் சின்னக் குழுவாக உட்காரவைத்து ஒரு ஆள் சொல்லிக்கொடுத்தார். பலன் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

படி பார்த்துக் கற்பிப்பது நம் ஊருக்குப் புதுசும் இல்லை. அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற முறை வந்தபோது அட்டையும் ஏணிப்படியும் வைத்துச் செய்தோம். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் அதுதான்.

முக்கோணத்துக்கு வருகிறேன். காகிதத்தில் வெட்டி, மூன்று முனையையும் கிழித்து, ஒரு நேர்கோட்டின் மேல் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு முக்கோணம், எல்லாருக்கும் நேர்கோடு. உங்கள் திரையில் ஒரு பையன் இழுத்தான். மற்ற 39 பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

அம்மாபேட்டை_தறி (ஞாயிறு, காலை 6.50)

நான் வாத்தியார் இல்லைங்க, தறி ஓட்டுகிறவன். மகள் ஏழாவது படிக்கிறாள், ஒரு தனியார் பள்ளி. வகுப்புக்கு வகுப்பு பெரிய திரை, அதற்குத் தனிக் கட்டணம். கடன் வாங்கித்தான் கட்டினேன். சாயங்காலம் வந்ததும் "இன்னைக்கு என்னம்மா நடத்தினாங்க" என்று கேட்டால், "வீடியோ போட்டாங்கப்பா, நல்லா இருந்துச்சு" என்பாள். வீடியோவில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் பதில் வராது. அவள் கெட்டிக்காரி, சோம்பேறி கிடையாது. அதனால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் துணி முழுக்கப் பழுதாகிவிடும். நீங்கள் இரண்டு பேரும் சொல்கிற அட்டையும் சிலேட்டும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. நூல் அறுந்த இடத்தில் டீச்சர் நின்றுவிட்டார், ஆரஞ்சை உரித்தார். என் மகள் வகுப்பில் வீடியோ நிற்காமல் ஓடுகிறது. கட்டணம் வாங்கும் பள்ளிகளிடம் நாங்கள் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். அது தெரிந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

ஏற்காடு_டீச்சர் (ஞாயிறு, காலை 11.15)

அண்ணா, நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. "பாடத்தின் நடுவில் என் மகள் தனியாக எத்தனை தடவை பதில் சொல்கிறாள், அது தப்பாக இருந்தால் ஆசிரியர் அப்புறம் என்ன செய்கிறார்?" இதற்குப் பதில் இருந்தால் திரை இருக்கட்டும். பதில் இல்லை என்றால் கட்டணத்தைப் பற்றித் தைரியமாகப் பேசுங்கள்.

குகை சாருக்கு: சிலேட்டை நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை தூக்கியதும் பக்கத்துப் பெஞ்சு அதைப் பார்த்து அழித்து எழுதும். அட்டையில் ஒருவர் உருவத்தைப் பார்த்து இன்னொருவர் விடையைக் கண்டுபிடிப்பது லேசில்லை. தப்பாகச் சொன்னது நண்பனுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் என் வகுப்பின் மிகக் கூச்சமான பிள்ளை முதல் முறையாகப் பதில் சொன்னாள்.

குருட்டாம்போக்கு என்றீர்கள். தப்பு விடைகளை நான் சும்மா எழுதுவதில்லை சார். பிள்ளைகள் நோட்டில் செய்த தப்புகளிலிருந்துதான் எடுக்கிறேன். உங்கள் 2/5 என் அட்டைக் கேள்வியில் 'பி' விடையாகவே இருக்கிறது. 'பி' காட்டினால் எங்கே சறுக்கினார்கள் என்று எனக்கும் தெரியும்.

இன்னொன்று, கீழே நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். காபிப் பழம் பறிக்கும் காலத்தில் வகுப்பில் பாதி இடம் காலியாக இருக்கும். அப்பா அம்மா தோட்டத்துக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள இவர்கள் வீட்டில் நிற்பார்கள். பொங்கல் முடிந்து வரும்போது யாருக்கு எந்தப் பாடம் விட்டுப்போயிருக்கிறது? சிலேட்டை அழித்துவிடுகிறோம். போனில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் இருக்கிறது. மழையும் காற்றும் வந்தால் கரண்டும் சிக்னலும் போய்விடும், அன்றைக்கு இந்த வேலை நடக்காது. அதை நான் மறைக்கவில்லை.

குகை_கணக்கு (ஞாயிறு, மதியம் 12.05)

காபி விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். சேலம் நகரத்துக் குகைப் பகுதியில் வேலை பார்த்தவனுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. தப்பிலிருந்து விடை எடுப்பதும் நல்ல வேலை.

ஆனாலும் விடமாட்டேன். நீங்கள் எழுதிய மூன்று தப்புக்கு வெளியே ஒரு தப்பு இருந்தால்? பிள்ளை மனசில் இருப்பதை எல்லாம் நாம் முன்கூட்டியே ஊகிக்க முடியாது. நாளைக்கு அதே 1/3, 1/4 கேள்வியைக் கேளுங்கள். முதலில் அட்டை. அப்புறம், ஏன் என்று சிலேட்டில் படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வந்து சொல்லுங்கள்.

ஜங்ஷன்_பையன் (ஞாயிறு, மதியம் 12.20)

சார், 39 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்றது சுருக்கென்று இருந்தது, ஆனால் சரி. அடுத்த முறை முதலில் காகிதத்தைக் கிழிக்கச் சொல்கிறேன். ஜியோஜீப்ராவை மட்டும் விடமாட்டேன். காகிதத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு முக்கோணம்தான் கிடைக்கும். ஊசிபோல ஒடுங்கிய முக்கோணத்துக்கும் இது பொருந்துமா என்று ஒருவன் கேட்டால் அங்கேயே இழுத்துப் பார்க்கலாம்.

ஏற்காடு_டீச்சர் (திங்கள், மாலை 5.30)

செய்து பார்த்தேன் சார். அட்டையில் இந்த முறை 22 பேர் 1/3 என்று சரியாகக் காட்டினார்கள். எனக்கு அத்தனை சந்தோஷம். அப்புறம் சிலேட்டு.

22 பேரில் ஐந்து பேர் போட்ட படம் இதுதான்: ஒரு பெரிய ஆரஞ்சை வரைந்து மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு குட்டி ஆரஞ்சை வரைந்து நான்காகப் பிரித்திருக்கிறார்கள். கேட்டால், "பெரிய பழம் டீச்சர், அதனால பெருசு" என்கிறார்கள். இரண்டுக்கும் முழுசு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நான் வாயால் சொல்லவே இல்லை. ஆரஞ்சு ஒன்றே ஒன்று வைத்திருந்ததால் அது அவர்களுக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். விடை சரி, காரணம் தப்பு. இந்தத் தப்பு என் 'பி', 'சி', 'டி' எதிலும் இல்லை.

அட்டையை நான் விடப்போவதில்லை. சரியாகச் சொன்ன பிள்ளைகளையும் சிலேட்டில் கேட்க வேண்டும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

குகை_கணக்கு (திங்கள், மாலை 5.50)

34 வருஷத்தில் இந்தத் தப்பை நானும் கவனித்ததில்லை டீச்சரம்மா. படம் போடு என்று நான் கேட்டதே குறைவு, எண்ணைத்தான் கேட்டேன். அந்த ஐந்து சிலேட்டையும் அழித்துவிட்டீர்களா?

ஏற்காடு_டீச்சர் (திங்கள், மாலை 5.55)

இல்லை சார், 26 சிலேட்டையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சிக்னல் வந்ததும் அனுப்புகிறேன். புதன்கிழமை ஒரே அளவு காகிதப் பட்டை ஆளுக்கு இரண்டு கொடுத்து மடிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அதற்குள் பார்த்துச் சொல்லுங்கள்.